எங்கள் வார்டில் நோய் குறைந்த விதம்

பல மாதங்கள் பூட்டிக் கிடந்த எங்கள் சபை ஆலயத்தைத் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் பக்கத்து முன்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் மூச்சு நின்றுபோனது. வலி இல்லை, இருமல் இல்லை. அடுத்த அடியைப் பாட உள்ளே காற்று இல்லை, அவ்வளவுதான். முகக்கவசம்தான் காரணம் என்று அதை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டேன். அப்போதும் வரவில்லை.

பக்கத்தில் நின்ற செல்லபாய், என் கணவரின் தங்கை, முழங்கையால் என்னை இடித்தாள்.

"என்ன மைனி, ஒங்களுக்கும் பாட்டு மறக்குமா?"

"மறக்கேல்ல. மூச்சு எட்டேல்ல."

"எழுபது கழிஞ்சாச்சுல்லா. இனி பாட்டை எனக்கு விட்டுத் தாருங்க."

என் குரலைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. அதனால் உட்காரவில்லை. ஆராதனை முடியும்வரை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். இதைப் படிப்பவர்களில் என் வயதுக்காரர்கள் இருந்தால் சொல்கிறேன்: மூச்சு குறைவதை வயதின் தலையில் கட்டாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் வீடு குன்னத்துகால் பஞ்சாயத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் இப்பால். கணவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆயின. வீட்டின் முன்பாதியில் நானும் மகன் வில்சனும் மருமகள் ஷீஜாவும். பின்பாதியில் செல்லபாய், அவளுடைய தையல் மெஷினுடன். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வில்சனுக்குத் தெருமுக்கில் பலசரக்குக் கடை.

அந்த நாட்களில் ஊரை அடைப்பதும் திறப்பதும் வார்டு கணக்கில் நடந்தது. ஒரு வார்டில் நோயாளிகள் கூடினால் சாலைக்குக் குறுக்கே கம்பு கட்டி அடைப்பார்கள். குறைந்தால் அவிழ்ப்பார்கள். எங்கள் வார்டு பல தடவை அடைபட்டது. பிறகு ஒரு நாள் மைக் கட்டிய ஜீப் வந்தது. நோய் குறைந்துவிட்டது, கட்டுப்பாடுகள் தளர்கின்றன என்று அறிவித்துவிட்டுப் போனது. சனங்கள் கைதட்டாத குறைதான்.

நோய் எப்படிக் குறைந்தது என்று சொல்கிறேன்.

பனி (எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்கு அதுதான் பெயர்) வந்தவர்கள் இங்கே பரிசோதிக்கவில்லை. பைக்கில் ஊடுவழியாக எல்லை தாண்டி, களியக்காவிளைப் பக்கம் போனார்கள். அங்கே உள்ள சொந்தக்காரர் வீட்டு விலாசத்தைக் கொடுத்து, மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்ததோ எடுத்ததோ உண்டு. விலாசத்துக்குப் பஞ்சமில்லை. நோய் உறுதியானால் கணக்கு அந்தப் பக்கத்தில் ஏறும், ஆள் இந்தப் பக்கம் திரும்பிவிடுவார். போக முடியாதவர்கள் மாத்திரையைப் போட்டுப் பனியை அடக்கிக்கொண்டு கடை திறந்தார்கள். வீடு வீடாக வந்து கேட்கும் ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் எல்லா வாசலிலும் ஒரே பதில்தான். யாருக்கும் ஒன்றும் இல்லை.

என் வீட்டு வாசலிலும் அதே பதிலைத்தான் சொன்னார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கட்டிலிலிருந்து அடுக்களைக்கு நடக்க முடியவில்லை. ஷீஜா என் விரலில் ஆக்சிமீட்டரை (ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி) மாட்டினாள். தொண்ணூறுக்கு மேலே நிற்க வேண்டியது கீழே கிடந்தது. அவள் அழ ஆரம்பித்தாள்.

"மாமி, ஒங்க மவனுக்குப் போன வாரம் பாஸிட்டிவ் ஆக்கும். களியக்காவிளைல எங்க அம்மா வீட்டு விலாசத்துல பாத்தது. ஒங்ககிட்டச் சொல்லப்பிடாதுன்னு சொன்னாவ."

வில்சன் கதவருகே நின்றான். "அம்மா, கடை தொறந்து ஒரு வாரம் முழுசா ஆவேல்ல. இப்பச் சொன்னா வார்டை மறுபடி அடச்சிருவினும்."

"எலே, கடையை அடச்சாத் தொறக்கலாம். நான் அடஞ்சு போனா ஆருலே தொறப்பா?"

அவன் வண்டி பிடிக்கப் போனான்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்ததில் இரண்டு நுரையீரலிலும் நியூமோனியா (காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் சளியும் கட்டிக்கொள்வது) என்றார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் மாஸ்க். வயிற்றில் ஊசி, ரத்தம் கட்டாமல் இருக்க. பகல் முழுவதும் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். அப்படிப் படுத்தால் நுரையீரலின் முதுகுப்பக்கம் விரியுமாம். கஷ்டமாக இருக்கும். ஆனால் உண்மையிலேயே உதவும். தலையணையை நெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், வயிற்றை அழுத்தாமல்.

இரண்டாம் நாள் செல்லபாய் போன் செய்தாள்.

"மைனி... சாப்பிட்டீங்களா?"

அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அது எனக்குத் தெரிந்த இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை என் நெஞ்சில் இருந்தது.

"ஒனக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. தொண்டை... கமறுது. வில்சன் மாத்திரை... வாங்கித் தந்தான்."

அதன்பிறகு என் நோயை நான் நினைக்கவில்லை. அவளை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. வில்சனை அழைத்தேன். எடுக்கவில்லை. கடை நேரம்.

கொஞ்சம் கழித்து டாக்டர் வந்தாள். சின்ன வயசுப் பெண். உடம்பு முழுக்க மூடிய உடையில் கண் மட்டும் தெரியும். அவள் மலையாளம் பேசுவாள், நான் தமிழில் சொல்வேன், எங்களுக்குள் ஒரு தடையும் இருந்ததில்லை. என் நிலைமையை வீட்டுக்குச் சொல்ல என் கட்டிலருகே நின்றே வில்சனுக்குப் போன் போட்டாள். காதையும் உடை மூடியிருந்ததால் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஆஸ்பத்திரி எண் என்றதும் எடுத்துவிட்டான்.

"வீட்டில் வேற ஆர்க்கெங்கிலும் பனி உண்டோ?"

"இல்ல டாக்டர். ஆர்க்கும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்கோம்."

சாமான் நிறுத்துக் கொடுக்கும்போது வாடிக்கைக்காரரிடம் பேசுவானே, அதே குரல். தடுமாற்றமே இல்லை.

நான் மாஸ்க்கைப் பிடுங்கினேன்.

"கள்ளமாக்கும் டாக்டரே. வீட்டுல நாத்தூன் கெடக்கா. அவளுக்கு மூச்சு முட்டுது. இப்பவே ஆளை விடுங்க."

அதற்குள் கண் இருட்டிவிட்டது. நர்ஸ் ஓடிவந்து மாஸ்க்கை வைத்து அழுத்தினாள். போனுக்குள் வில்சன் "அம்மா" என்றான். டாக்டர் அவனிடம் கோபப்படவில்லை. "அவரெ இப்போத் தன்னே கொண்டுவரணம். ஆம்புலன்ஸ் அயக்காம்" என்று, உடனே வண்டி அனுப்புவதாக மட்டும் சொன்னாள். விலாசத்தை நான் விரலால் கட்டில் விரிப்பில் எழுதிக் காட்டினேன், அவன் மறுபடி ஷீஜா வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிடுவானோ என்று.

வில்சன் கெட்டவன் இல்லை. சாயங்காலம் கடை அடைத்தபின் அத்தையை எங்காவது கொண்டுபோகலாம் என்று நினைத்திருப்பான். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒரு கடைக்கதவு திறந்திருப்பதற்காக ஒரு மனுஷியின் மூச்சைச் சாயங்காலம்வரை காக்க வைக்கலாம் என்று ஊரே சேர்ந்து பழகிவிட்டது. ஜீப்பில் வந்து குறைந்துவிட்டது என்றவர்களைக் கேட்கிறேன். எங்கள் தெருவில் வண்டியை நிறுத்தி, மைக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் கேட்டிருந்தால், எத்தனை வீட்டில் இருமல் என்று தெரிந்திருக்காதா? சோதிக்காத பனி எந்தக் கணக்கில் குறையும்?

செல்லபாயைக் கொண்டுவந்தபோது என்னைவிட மோசமாக இருந்தாள். எனக்கு எதிர்க்கட்டில். முகத்தில் பைபாப் (அழுத்தத்தோடு காற்றை உள்ளே தள்ளும் இயந்திரம்) கட்டியிருந்ததால் பேச முடியாது. எனக்குத் தெரிந்தது அவள் பாதங்கள் மட்டும்தான். அவை அசைகின்றனவா என்று பார்ப்பதே எனக்கு வேலை. ஜெபம் செய்யக்கூடக் கண்ணை மூடவில்லை.

ஒரு நாள் காலையில் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டுக் கஞ்சி கொடுத்தார்கள். இரண்டு கரண்டி குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மைனி, இதுல... உப்பு கெடக்கா?"

"எனக்கும் தெரியேல்ல, மக்கா."

"அப்ப... ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு... லாபம்."

சிரித்தேன். சிரித்ததற்கு நர்ஸிடம் திட்டு வாங்கினேன்.

நாங்கள் திரும்பியபோது வார்டு மறுபடி அடைபட்டிருந்தது. நான் ஆஸ்பத்திரியில் சொன்னது தெரிந்ததும் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு எல்லோருக்கும் பரிசோதனை செய்திருந்தார்கள். வீடு தவறாமல் நோய். ஆனால் பழி எனக்குத்தான். சாயக்கடை (டீக்கடை) தங்கராஜ் மதிலுக்கு அப்பால் நின்று சொன்னான்:

"அக்கா, நீங்க வாயை மூடிட்டுக் கெடந்திருந்தா ஓணத்துக்குக் கடை ஓடியிருக்கும்."

"மூடிட்டுதான் கெடந்தேன் தங்கராஜே. மாஸ்க்கால மூடியிருந்துது. அதை எடுத்ததுனால ஒருத்தி உயிரோட இருக்கா."

"அதுக்கில்ல அக்கா..."

"பின்ன எதுக்கு? ஒன் மாமியாரு முகாமுல குச்சி வைக்க ஆருக்கும் தெரியாம முக்காடு போட்டுட்டு நின்னாளே, அதுக்கா?"

அவன் போய்விட்டான்.

இப்போது எல்லாம் தளர்ந்துவிட்டது. பஸ்ஸில் நெருக்கியடித்துப் போகிறார்கள். அப்படி ஒரு நோய் வந்ததா என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் நுரையீரலில் ஃபைப்ரோஸிஸ் (புண் ஆறிய இடத்தில் விழும் தழும்பு). தழும்பு காற்றை வாங்காது. டாக்டர் சொன்னபடி குழாயில் மூச்சை இழுத்துப் பந்தை எழுப்பிப் பழகுகிறோம். செல்லபாய் மெஷினை ஒரு மடிப்புத் தைக்க மிதித்துவிட்டு நிறுத்துகிறாள், பிறகு அடுத்த மடிப்பு. மடிப்புக்கு நடுவே மெஷின் சும்மா இருக்கும் நேரம் எவ்வளவு என்று சுவருக்கு இப்புறம் இருந்தே எனக்குத் தெரியும். அது கொஞ்சம் நீண்டாலும் எழுந்து போய்ப் பார்த்துவிடுவேன்.

நடக்கும்போது பேச முடியாது, பேசும்போது நடக்க முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் அடுப்பில் கறி கொதிக்க, கையில் அகப்பையோடு, வாசலில் போகிறவரைக்கூடச் சண்டைக்கு இழுப்பேன். இன்றைக்குக் கோபம் வந்தால் முதலில் உட்கார வேண்டும். பிறகு மூச்சைச் சேர்க்க வேண்டும். நெஞ்சு அடங்கும்வரை கோபம் காத்திருக்க வேண்டும். ஆறிப்போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

கடைக்குப் புறப்படும் வில்சனைச் சில காலைகளில் கூப்பிடுவேன். நாற்காலியை இழுத்து உட்காருவேன். என்ன சொல்லப்போகிறேன் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, என் மூச்சு சேரும்வரை நிற்கிறான். கடை திறக்கப் பிந்துகிறது. பிந்தட்டும்.