ஆளில்லா ஆலையின் சங்கு

செய்தி எழுதக் கற்றுக்கொண்ட புதிதில் என் தொல்லையை முதலில் அனுபவித்தவள் அம்மா. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இதழியலை விருப்பப் பாடமாக எடுத்திருந்தேன். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்பதற்கெல்லாம் முதல் பத்தியிலேயே பதில் வந்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். நான் அதை வீட்டில் பழகிப் பார்த்தேன்.

"இன்னைக்குக் கொழம்புல உப்பு இல்ல. ஏன்? இதுக்கு யாரு பொறுப்பு?"

"துன்னுட்டுத் தட்டைக் கழுவி வை. இன்னா படிப்போ, ஒரே பேஜாரு" என்பாள் அம்மா.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கம். எழுபதுகளின் கடைசியில் நெல் வயல்களை ஒட்டித் தொழிற்பேட்டை முளைத்துக்கொண்டிருந்தது. கல்லூரிக்கு ரயிலில் போய் வருவேன். பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி பொன்னேரியில் ஏறுவாள். அவளும் என் வகுப்புதான். இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு புலனாய்வுச் செய்தி எழுதி வரச் சொன்னபோது நாங்கள் ஜோடி சேர்ந்தோம்.

மற்றவர்கள் ரேஷன் அரிசிக் கடத்தல், கள்ளச்சாராயம் என்று கிளம்பிப் போனார்கள். "எங்க ஊர்ல மர்மமே இல்லடி. மீன் வரும், இல்லன்னா வராது. அவ்ளோதான்" என்று தோழி கைவிரித்தாள்.

எங்கள் ஊரில் ஒரு மர்மம் இருந்தது. தொழிற்பேட்டையின் ஓரத்தில் உயரமான மதிலுக்குள் ஓர் இரும்பு ஆலை. தினமும் காலை எட்டு மணிக்கு அங்கே சங்கு ஊதும். ஆனால் ஒருவரும் வேலைக்கு உள்ளே போய் நாங்கள் பார்த்ததில்லை. புகைபோக்கியில் காக்கைதான் உட்கார்ந்திருக்கும். கள்ள நோட்டு அடிக்கிறார்கள் என்றார் டீக்கடைக்காரர். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மாறுவேடத்தில் போக வேண்டும் என்று தோழி தீர்மானித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய அண்ணனின் குளிர்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வேலை தேடி வந்தவர்களைப் போல நடித்து, மெல்ல மெல்ல உண்மையைக் கறக்கத் திட்டம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனோம். கேட்டில் ஒரு வாட்ச்மேன் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"இங்க வேலை எதுனா கெடைக்குமாண்ணே?" என்றேன் பரிதாபமாக.

"வேலையா? மிஷினே இன்னும் வரலியேம்மா."

மர்மம் முதல் கேள்வியிலேயே உடைந்துவிட்டது. தோழி கண்ணாடியைக் கழற்றினாள். "அப்போ சங்கு எதுக்கு ஊதறீங்க?"

"சங்கு வந்துட்ச்சே!"

பேச்சுக்குரல் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். வெறும் கொட்டகைக்குக் காவலிருந்து சலித்துப்போன மனிதர். பத்திரிகைப் படிப்பு என்றதும் மகிழ்ந்து, குடிக்கக் கலர் சோடா வரவழைத்துக் கொடுத்து, நாங்கள் கேட்காததையும் சொன்னார். சோதித்துப் பார்க்கத்தான் முதலில் ஊதினார்களாம். சோதனை முடிந்து நிறுத்திய அன்றே பெரிய விவசாயி ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். சங்கைக் கேட்டுத்தான் அவருடைய ஆட்கள் கழனியில் இறங்குவார்களாம். பின்னாலேயே பள்ளிக்கூட வாத்தியாரும் வந்து நின்றார். அதற்கப்புறம் மேனேஜருக்கு நிறுத்தத் துணிச்சல் வரவில்லை.

கள்ள நோட்டு கைநழுவிய வருத்தம் எங்களுக்கு இருந்தது. ஆனாலும் மின்வெட்டுக் காலமாயிற்றே. 'ஊருக்கு மின்வெட்டு, ஆளில்லா ஆலையில் சங்கு' என்று தலைப்பிட்டு எழுதினோம். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் அது முதலிடம் பிடித்தது. ஆலை முதலாளியின் அண்ணன் மகள் எங்கள் கல்லூரியில்தான் படிக்கிறாள் என்பதை மட்டும் எங்கள் புலனாய்வு கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த வாரமே சங்கு நின்றது.

எட்டு மணி எப்போது வந்தது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அம்மா உலையை இறக்க மறந்து சோறு கூழானது. நான் ரயிலைத் தவறவிட்டேன். நாற்று நடும் பெண்கள் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஊதலியே" என்று வெற்றிலை மென்றார்கள். விஷயம் எப்படியோ கசிந்து, நான் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் காதுக்கும் எட்டியது.

"நீதான் எழுதினியாமே? டப்பு கட்டிப் படிக்க வெச்சதுக்கு ஊரையே தூங்க வெச்சிட்ட" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

நாற்று நடும் பெண்கள் என்னையும் இழுத்துக்கொண்டு ஆலைக்கு நடந்தார்கள். ஒரு கையில் என் மணிக்கட்டும் மறுகையில் வெற்றிலைப் பையுமாக அம்மாவே முன்னால் போனாள். அன்று முதலாளி காரில் வந்திருந்தார்.

"மிஷினே ஓடாத ஃபேக்டரிக்கு சைரன் எதுக்கும்மா?" என்றார்.

"நீ மிஷினை ஓட்டு, ஓட்டாத போ. அது உன் இஷ்டம்" என்றாள் அம்மா. "எங்களுக்குச் சங்கு வோணும்."

"கரண்ட்டை வீணாக்கறேன்னு பேப்பர்ல போட்டுட்டாங்களே."

"பேப்பரா? இதோ, நான் பெத்ததுதான் போட்டுச்சி. இப்போ அதுவே மாத்தி எழுதும். எழுதுவ இல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதுவேன் என்று தலையாட்டினேன். முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் காலை சங்கு ஊதியது.

வாக்குக் கொடுத்தபடி இரண்டாவது செய்தியையும் எழுதினோம். அம்மா பேசியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் போட்டோம். முந்தியதைவிட இதற்குத்தான் அதிக மதிப்பெண் விழுந்தது. வகுப்பில் அதைப் படித்துக் காட்டியபோது முதலாளியின் அண்ணன் மகள்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். பிறகு அவளும் எங்களோடு கேன்டீனுக்கு வர ஆரம்பித்தாள்.

அடுத்த ஆண்டு லாரிகளில் இயந்திரங்கள் வந்து இறங்கின. ஆலை நிஜமாகவே ஓடத் தொடங்கியது. ஷிஃப்ட் கணக்கில் சங்கு காலை ஆறு மணிக்கே ஊதியது. முதல் நாளே நாற்று நடும் பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். நான் அப்போதுதான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஆலைக்காரன் நம்மளை ரெண்டு மணி நேரம் முன்னாடியே கழனியில எறக்கறான்டி. இதையும் எழுது" என்றார்கள்.

அம்மா உள்ளே போய் என் பேனாவை எடுத்து வந்து நீட்டினாள்.