போகிற ஆளிடம் வாங்கிய டேர்ட் பைக்

சென்ற சனிக்கிழமை தொண்டைமானாற்றில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்று, பழைய டேர்ட் பைக் ஒன்றின் எஞ்சினில் கை வைத்தேன். சுட்டது. சந்தோஷப்பட்டேன். சுடுகிறது என்றால் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்?

பக்கத்தில் நின்ற மகள் காதுக்குள் சொன்னாள். "அப்பா, எஞ்சின் சுடுது. நாங்கள் வரமுதல் சூடாக்கி வைச்சிருக்கினம் போல. ஆற விட்டு ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணிப் பாப்பம்."

பழைய பைக் வாங்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டுமாம். ஆறிக் கிடந்த எஞ்சின் மிதித்தவுடன் உயிர் பெறுகிறதா என்பதுதான் பரீட்சையாம். எனக்கு எங்கே தெரியும்? நான் ஆயுளில் வாங்கிய வாகனங்களில் பெரும்பாலானவை சைக்கிள்.

இந்த பைக்கும் எனக்கில்லை. மகளுக்கு வடமராட்சி கிழக்கில் கால்நடை உத்தியோகத்தராக வேலை கிடைத்திருக்கிறது. ஆடு மாடு பார்க்க வீடு வீடாகப் போக வேண்டும். தார் ரோட்டில் இருக்கிற வரைக்கும் பிரச்சினையில்லை. இறங்கினால் மணல். இடம் பார்க்கப் போன அன்றே ஸ்கூட்டி மணலில் புதைந்து, அது ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். இடது முழங்காலில் தையலோடு வீட்டுக்கு வந்தவள் முதலில் கேட்டது தண்ணீர் அல்ல.

"அப்பா, எனக்கு ஒரு டேர்ட் பைக் வேணும்."

விழுந்து எழும்பி வந்த பிள்ளை, மணலிலும் பள்ளத்திலும் ஓடுகிற, இன்னும் உயரமான ஒன்றில் ஏறப்போகிறேன் என்றால் எந்தத் தகப்பன்தான் உடனே தலையாட்டுவான்? அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

புதிய பைக்கின் விலையை விசாரித்தோம். விசாரித்ததோடு சரி. ரியூஷன் சொல்லிக்கொடுத்து அவள் சேர்த்து வைத்ததற்குள் பழையது ஒன்றுதான் வாங்கலாம். அதுவும் ஒரேயொரு தடவைதான். பிழையாகப் போனால் இன்னொன்றுக்கு வழியில்லை. திங்கட்கிழமை வேலை தொடக்கம்.

பேஸ்புக்கில் தேடினோம். ஒன்று கவனித்திருக்கிறீர்களா? யாழ்ப்பாணத்தில் பழைய வாகனம் விற்கிறவர்கள் எல்லோருமே வெளிநாடு போகிறார்கள். 'வெளிநாடு செல்வதால் உடனடி விற்பனைக்கு' — இது இல்லாத விளம்பரமே கிடையாது. எல்லாம் உண்மையென்றால், குடாநாட்டில் இப்போது நானும் நீங்களும்தான் மிச்சம்!

ஆனால் பைக் விற்ற தொண்டைமானாற்று ரூபன் உண்மையாகவே போகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹோலின் மூலையில் கயிறு போட்டுக் கட்டிய சூட்கேஸ். அழுது வீங்கிய முகத்தோடு அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அன்றிரவே கொழும்புக்கு பஸ்.

இந்த இடத்தில்தான் எனக்கு வாய் கட்டிப்போனது. நம்மூர் வழக்கம் தெரியும்தானே... புறப்படுகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும். மிஞ்சிப்போனால் "தூரமோ?" என்று கேட்கலாம். அதிலும் வெளிநாட்டுப் பயணம் என்றால்? விசா, ஏஜென்ட் என்று எதையும் கிளறக்கூடாது. கண் பட்டுவிடும். அவர் மனம் கோணாமல் வழியனுப்ப வேண்டும்.

அப்படிப்பட்டவரிடம் போய், "எஞ்சின் ஏன் சுடுகிறது? பிழை ஏதும் இருக்கிறதா?" என்று எப்படிக் கேட்பது?

"சும்மா இரு பிள்ளை, போற மனுசன்" என்று மகளை அடக்கினேன். பேரம்கூடப் பேசவில்லை. ரூபன் ஒரு மிதி மிதித்தார். ஸ்ரார்ட் ஆனது. காசைக் கொடுத்து, "போயிட்டு வாங்கோ தம்பி" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தோம். மகள் என்னைத் திரும்பிப் பாராமல் பைக்கை வீட்டுக்கு ஓட்டி வந்தாள்.

ஞாயிறு காலை. பைக் ஸ்ரார்ட் ஆகவில்லை.

மகள் ஹாண்டிலில் இருந்த சோக்கை, குளிர்ந்த எஞ்சினை எழுப்புகிற பிடியை, இழுத்துவிட்டு மிதித்தாள். பிறகு நான் மிதித்தேன். அக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி மிதித்தேன். பெற்றோல் மணந்ததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை, நெல்லியடியில் ஒரு கராஜும் திறக்கவில்லை. ரூபனுக்கு போன் போட்டால், 'நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தற்போது தொடர்புகொள்ள முடியாது.' எப்படி முடியும்? ஆள்தான் போய்விட்டாரே. போகிற ஆள் என்று நான் மரியாதை பார்த்தேன். போகிற ஆள்தானே, இனி ஆர் பிடிக்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளையின்ரை காசப்பா" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு உண்மையையும் எழுதிவிடுகிறேன். நடுவில் ஒரு கணம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பைக் ஓடாவிட்டால் இவள் விழவும் மாட்டாள் அல்லவா? நிமிர்ந்து பார்த்தால், பிள்ளை ஸ்கூட்டியை வெளியே எடுத்து ரயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அதே மணலுக்கு, அதே ஸ்கூட்டியில்! நிம்மதி போன இடம் தெரியவில்லை.

பின்னேரம் போன் அடித்தது. ரூபன்.

"அண்ணை, கனக்க மிஸ்ட் கோல் கிடக்கு. பஸ்ஸிலை சார்ஜ் முடிஞ்சுபோச்சு. இப்பத்தான் லொட்ஜிலை போட்டனான். என்ன விசயம்?"

"பைக் ஸ்ரார்ட் ஆகுதில்லை" என்றேன். குரலில் மரியாதை குறைந்திருக்கும்.

"ஹாண்டிலிலை கிடக்கிற சோக்கையோ இழுத்தனீங்கள்? அது சும்மா, அண்ணை. கேபிள் அறுந்து கனகாலம். கீழை காபரேட்டரிலை ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதை மேலை தூக்கிவிட்டு மிதியுங்கோ. அக்ஸிலேட்டரைத் தொடாதேங்கோ."

"இதை நேற்றே சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நீங்கள் ஒண்டுமே கேக்கேல்லை. விசயம் தெரிஞ்ச ஆக்கள் எண்டு நினைச்சிட்டன்."

"அப்ப ஏன் எஞ்சினைச் சூடாக்கி வைச்சிருந்தனீங்கள்?"

"சூடாக்கினதோ? பிள்ளையை வெறும் ராங்கோடை அனுப்பக்கூடாது எண்டு, நீங்கள் வரமுதல் பெற்றோல் செட்டுக்குப் போய் அடிச்சுக்கொண்டு வந்தனான்."

வெட்கமாக இருந்தது. மகளுக்குத் தகட்டைக் காட்டினேன். தூக்கிவிட்டு மிதித்தாள். இரண்டாவது மிதியில் பைக் கத்தத் தொடங்கியது. மனைவி குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தாள்.

"கேக்குது அண்ணை, ஸ்ரார்ட் ஆகீட்டுது" என்றார் ரூபன். நன்றி சொன்னேன். ஆனால் அவர் போனை வைக்கவில்லை.

"அண்ணை..."

"சொல்லுங்கோ தம்பி."

"ஊரிலை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை அண்ணை. எங்கை போறாய், அங்கை ஆர் நிக்கினம், என்ன வேலை... ஒண்டும். என்ரை மனிசிகூடக் கேக்கேல்லை. கேட்டால் பயணம் பிழைச்சுப்போமாம். விடியப் பிளைட். எனக்கு சரியான பயமாய்க் கிடக்கு."

மகள் பைக்கோடு வீட்டு முன் ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டாள். சாதாரண நேரமென்றால் பின்னாலேயே ஓடியிருப்பேன். படியில் உட்கார்ந்தேன்.

"எங்கை தம்பி போறியள்?"

எந்த நாடு என்று இங்கே எழுதமாட்டேன். ஆனால் அவர் சொன்னார். அந்தக் குளிரைப் பற்றி, தெரியாத பாஷையைப் பற்றி, முகம் தெரியாத நாலு பேரோடு இருக்கப்போகிற அறையைப் பற்றி, திரும்பி வரும்போது தன் சின்னப் பிள்ளைக்குத் தன்னை அடையாளம் தெரியுமா என்பதைப் பற்றி. மகள் ஒழுங்கை முடியும்வரை போய்த் திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

கேட்டால் பயணம் கெடுமோ என்னவோ, எனக்குத் தெரியாது... கேட்காமல் விட்டால் மனிதர் தனியாகப் போகிறார்.