தண்ணீர் நிற்காத தொட்டி

மரத்தில் தொட்டி செய்து அதில் தண்ணீர் நிறுத்த ஒரு முறை இருக்கிறது. பலகைகளை இழைத்து விளிம்போடு விளிம்பு பொருத்த வேண்டும். இடுக்குகளை அடைக்க வேண்டும். பாதி நிரப்பி ஊறவிட வேண்டும். ஊறிய மரம் உப்பித் தன் இடுக்கைத் தானே மூடிக்கொள்ளும். பிறகு முழுக்க நிரப்பி, மட்டத்தில் ஒரு கரிக்கோடு கிழித்து, மறுநாள் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குடிநீர்த் தொட்டிகளைச் சோதித்துச் சான்று எழுதுவதையே வேலையாகச் செய்து ஓய்வு பெற்றவள் நான். நாவலூர் அடுக்குமாடியில் இருக்கும் என் மகன், கூடத்தில் மரத்தால் ஒரு மீன்குளம் கட்டப்போவதாகப் போனில் சொன்னபோது இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். "வீடியோவுல எல்லாம் இருக்கும்மா" என்றான். இருக்கும். எங்கள் வீட்டுக்குள் சித்தப்பா கட்டிய குளத்தைப் பற்றி மட்டும் எந்த வீடியோவிலும் இருக்காது.

அப்போது நாங்கள் முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு குப்பத்தில் இருந்தோம். எனக்கு ஏழெட்டு வயது. ஒற்றை அறை ஓட்டு வீடு. அதில் அப்பா, அம்மா, நான், தூளியில் கிடந்த தங்கை, கல்யாணமாகாத சித்தப்பா. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே படகில் கடலுக்குப் போய்வந்தார்கள். அந்த வருஷம் கரைக்குத் திரும்பும்போது, அலை மடங்கி விழும் இடத்தில் படகு கவிழ்ந்தது. எல்லாரும் நீந்திக் கரையேறினார்கள், சித்தப்பாவின் கூட்டாளி ஒருவரைத் தவிர. படகு பிளந்து தனியாகக் கரை ஒதுங்கியது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. பேசாததாலேயே எனக்கு அது மேலும் மேலும் பெரிதாகிக்கொண்டு போனது.

அப்பா சீக்கிரமே வேறொரு படகில் ஏறிவிட்டார். அதில் சித்தப்பாவுக்கும் ஓர் இடம் வைத்திருந்தார். சித்தப்பா முதலில் காய்ச்சல் என்றார். பிறகு தோள்பட்டையில் வலி என்றார். பிறகு ஒருநாள், உடைந்த படகின் பலகைகளைத் தலையில் சுமந்து வந்து அறைக்குள் இறக்கினார். மீன்குளம் கட்டப்போகிறாராம். கடற்கரை ஓட்டலில் மீனை உயிரோடு கேட்கிறார்களாம். வெளியே கட்டினால் வெயிலில் தண்ணீர் சூடாகும், காக்கை கொத்தும்; அதனால் வீட்டுக்குள்ளேயே.

மீனைச் செத்த பிறகே வீட்டுக்குள் விட்டுப் பழகிய அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. அதைவிடப் பலகைதான் பொறுக்கவில்லை. "செத்தவன் குந்திகினு வந்த பலக. அத்த எடுத்தாந்து கொயந்த தூங்கற எடத்துல வச்சிகினு, மீனு வளக்கறானாம் மீனு."

அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "கட்டட்டும்" என்றார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இதுல தண்ணி நின்னுச்சின்னா மறுநாளே படகுல ஏறணும். இன்னா?"

"ஏர்றேண்ணா" என்றார் சித்தப்பா, பலகையைப் பார்த்தபடி.

கரையில் செய்தி பரவ நேரமாகவில்லை. நான் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தபோது வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: "இன்னா அண்ணாத்த, உன் தம்பி வூட்டுக்குள்ளயே சமுத்திரம் கட்றானாமே? வல போட என்னையும் கூப்புடச் சொல்லு."

"உனுக்கு நீச்சலே வராதே மச்சான். வூட்டுக்குள்ள முயுகிட்டா அசிங்கமாப் பூடும்" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

தொட்டி என் நெஞ்சுயரத்துக்கு எழும்பியது; அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. படகுக்குச் செய்வது போலவே சித்தப்பா இடுக்குகளில் பஞ்சுத்திரியை உளியால் அடித்து நுழைத்து, குங்கிலியம் காய்ச்சிய எண்ணெயைப் பூசினார். எல்லாவற்றையும் வெளிப்பக்கம் செய்தார். தண்ணீர் ஊற்றியதும் உள்ளிருந்த அழுத்தம் திரியை ஒவ்வொன்றாக வெளியே துப்பியது. அம்மா இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தாள். "படகுக்கு வெளிய தண்ணி. இதுக்கு உள்ள தண்ணி. இது கூடவா தெரியாம இத்தினி வருசம் தொயில் பண்ண?" சித்தப்பா தண்ணீரை இறைத்துவிட்டு உட்பக்கம் அடைக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லாத வேலையாக அது நடந்தது.

மறுபடி தண்ணீர் ஊற்றியதும்தான் என் பயம் தொடங்கியது. காய்ந்த மரம் தண்ணீர் குடிக்கும்போது முனகும். இன்று எனக்கு அது பௌதிகம். அன்று அந்தப் பலகைகளில் கடைசியாக உட்கார்ந்து வந்தவர் உள்ளேயிருந்து முனகுகிறார் என்றே நினைத்தேன். காலையில் அம்மா மீன்கூடையோடு பஸ் ஏறிப் போய்விடுவாள். சித்தப்பா எங்காவது சுற்றிக்கொண்டிருப்பார். தங்கையின் தூளி உத்தரத்திலிருந்து தொட்டியை ஒட்டித் தொங்கும். அவிழ்த்து வேறு இடத்தில் கட்ட எனக்கு எட்டாது. பலகை பிளந்தால் அத்தனை தண்ணீரும் முதலில் அவள்மேல்தான் பாயும். ஆகவே நான் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். தொட்டிக்கும் தூளிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, முதுகைப் பலகையில் அழுத்தி, குதிகாலைத் தரையில் ஊன்றித் தொட்டியைத் தாங்கிப் பிடித்தேன். அம்மா வரும்வரை அப்படித்தான். பலகை முனகும் ஒவ்வொரு முறையும் அது என் முதுகெலும்பில் கேட்டது. தங்கை அழுதால் காலால் தூளியை ஆட்டுவேனே தவிர முதுகை எடுக்கமாட்டேன்.

தினமும் கசிவில் நனையும் என் பாவாடை ஒருநாள் நனையவில்லை. தரையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பலகை உப்பி இடுக்கெல்லாம் மூடிக்கொண்டுவிட்டது. முனகலும் நின்றிருந்தது. பல நாள் பயம் ஒரேயடியாக இறங்கியதில் தூளிக்கு அந்தப்புறம் நகர்ந்து, சுருண்டு தூங்கிப்போனேன்.

விழித்தபோது சித்தப்பா உள்ளே இருந்தார். தூளிச் சேலை மறைத்ததால் அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைத் தடவினார். காய்ந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உளியை எடுத்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார். பாம்புப் பொந்துக்குள் கைவிடுகிறவர் மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். அடிப்பலகை இடுக்கிலிருந்து பஞ்சுத்திரி நீளமாக வந்தது. அதைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் வந்து என் பாதத்தைத் தொட்டது.

தொட்டியை உடைத்து எங்களைக் கொல்லப் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு, படகில் ஏறாமல் இருக்கச் செய்கிற சோம்பேறித்தனம் என்று தோன்றியது. எதுவானாலும் அப்பாவிடம் சொல்ல முடியாது. ஒருமுறை ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாத ஆளை அப்பா கரையில் துடுப்பால் அடித்ததைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் சித்தப்பாவின் எலும்பு முறியும், சொல்லாவிட்டால் தொட்டி பிளக்கும்.

சாயங்காலம் அப்பா வந்தார்.

"நிக்குதா?"

"இல்லண்ணா. ஒயுகுது."

அப்பா தொட்டியருகே போனார். குனிந்து கையை உள்ளே விட்டு, கட்டைவிரலால் அடி இடுக்கைத் தடவிக்கொண்டே வந்தார். குப்பத்தில் யார் படகு ஒழுகினாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அந்த விரல் போகும் இடத்தில் ஓட்டை தப்பாது. நான் தங்கையை இடுப்பில் வைத்திருந்தேன். விரல் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கேயே நின்றது. என் பிடி இறுகியதில் தங்கை வீறிட்டாள்.

அப்பா கையை எடுத்து உதறி, லுங்கியில் துடைத்தார். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார், மடியையும் பார்த்தார்.

"பழைய பலக. ஊற நாளாவும்" என்றார். "நீ வூட்லயே இருந்து பாத்துக்க."

வெளியே போய், பக்கத்து வீட்டுக்காரரிடம், "நாளைக்கி நீ வா, எடம் கீது" என்று சொன்னது எங்களுக்கும் கேட்டது.

சித்தப்பா அதற்குப் பிறகு கடலுக்குப் போகவேயில்லை. சில மாதம் கழித்து, முட்டுக்காட்டு உப்பங்கழியில் முழங்கால் தண்ணீரில் இறால் பிடிக்கிறவர்களோடு அப்பாவே அவரைச் சேர்த்துவிட்டார். கரையில் யாராவது கிண்டலாக விசாரித்தால், "என் வூட்டுத் தொட்டி ஒயுகுது, உனுக்கு இன்னா?" என்பார் அப்பா. ஒரு மீன்கூட நீந்தாத அந்தக் குளத்தை அம்மா கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பில் வைத்தாள்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. பயம் தெளிந்ததும் எனக்கு அப்பாமேல் ஓர் ஏளனம் வந்தது. ஊர்ப் படகையெல்லாம் தடவிப் பார்க்கிறவர், விரல் நுழைகிற ஓட்டையைத் தொட்டுவிட்டுத் தெரியாமல் வந்துவிட்டார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளருகே உட்கார்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "நைனாவுக்கு ஒயுகற எடமே கண்டுபுடிக்கத் தெரிலம்மா."

அம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஈரக்கையோடு என் வாயைப் பொத்தினாள். சித்தப்பா உட்கார்ந்திருந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"இத்த வெளிய எங்கனா சொன்ன, தோல உரிச்சிருவேன்" என்றாள்.

அப்பாவுக்குத் தொழில் தெரியாததை வெளியே சொன்னால் அவருக்கு அவமானம், அதனால்தான் சொல்லக்கூடாது என்கிறாள் என்று புரிந்துகொண்டு, நான் தலையாட்டினேன்.