உதடு அசைந்த சத்தியம்

பயந்த மனிதர் வரலாறு எழுதலாமா? அன்செல்ம் துர்க்கேவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது. நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். வகுப்பு நடக்கும்போது இடி இடித்தால், மாணவர்களுக்கு முன்பாக அவர்தான் சன்னலை விட்டு விலகுவார். ஆனால் அவர் எழுதிய ஒரே புத்தகம், எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஊர்க்காரர்கள் கோட்டைப் பிரபுவை எதிர்த்து ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டு, அதை மீற மறுத்துத் தூக்கில் தொங்கிய வரலாறு. பிரமாதமான புத்தகம் அல்ல, நடை கரடுமுரடானது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதவில்லை என்பது மட்டுமே அதன் சிறப்பு.

1852 வசந்த காலம். முந்தைய டிசம்பரில் பாரிஸில் ராணுவத்தின் துணையோடு ஆட்சி கைமாறியிருந்தது. அதை எதிர்த்துச் சந்தையில் கத்திய பக்கத்து வீட்டுப் புத்தக பைண்டரைக் காவலர்கள் இழுத்துப்போனார்கள். அல்ஜீரியாவுக்கு நாடுகடத்திக் கப்பலேற்றிவிட்டதாகப் பேச்சு. அன்று போனது துர்க்கேவின் தூக்கம். படிக்கட்டில் யாராவது பூட்ஸோடு ஏறினால் அவர் கையிலிருக்கும் ரொட்டி நழுவிவிடும்.

இப்போது இந்த ஆணை. அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் எல்லாரும் புதிய ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். மறுத்தால் வேலை போய்விடும்.

"ஏங்க, ரெண்டு வார்த்தைதானே? சொல்லிட்டு வந்துருங்க" என்றாள் அவர் மனைவி லெயோகாதி. "இந்த இருமலோட நான் யார் வீட்டுல போய்த் துணி துவைக்கிறது?"

"சொல்லாம என்ன? சொல்லத்தான் போறேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

பள்ளிக்குப் போகும் வழியில் லத்தீன் ஆசிரியர் பார்து சேர்ந்துகொண்டார்.

"என்னய்யா துர்க்கே, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு? உன்னைத் தூக்குல போடவா கூப்பிட்டிருக்காங்க?"

"கிண்டல் பண்ணாதய்யா."

"எனக்கு இது மூணாவது ஆட்சி. கையத் தூக்கு, சொல்லு, எறக்கு. என் நாக்குல புண்ணா வந்துச்சு?"

"உனக்கு எப்படி வரும்? பாதி நாள் நீ பேசுறது செத்த மொழி."

பள்ளி மண்டபத்தில் மாவட்ட அதிகாரி உட்கார்ந்திருந்தார். வாசலில் இரண்டு காவலர்கள். பெயர் கூப்பிட்டதும் முன்னே போய், வலது கையுறையைக் கழற்றி, கையை உயர்த்தி, 'சத்தியம் செய்கிறேன்' என்று சொல்ல வேண்டும். துர்க்கேவின் கையுறை வேர்வையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஒருவழியாக உருவிக் கையைத் தூக்கினார். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

அதிகாரிக்குப் பசி நேரம். "சரி, அடுத்தவர்" என்றார். குமாஸ்தா பெயருக்கு நேரே 'சத்தியம் செய்தார்' என்று குறித்துக்கொண்டார்.

முற்றத்தில் பார்து முதுகில் தட்டினார். "முடிஞ்சுது பாத்தியா!"

"பார்து, நான் சொல்லல. சொல்ல நெனச்சேன், சத்தமே வரல."

பார்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அடப்பாவி, அதிர்ஷ்டக்காரன்யா நீ! வேலையும் போகல, சத்தியமும் பண்ணல. கடவுளே வந்து ஏற்பாடு பண்ணாலும் இவ்வளவு கச்சிதமா அமையாது. வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ. உன் பொண்டாட்டி சூப் வச்சிருப்பா."

யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். குற்றம் சொல்லவும் இடமில்லை. துர்க்கே வெளிவாசல்வரை போனார். அங்கே நின்றார். பிறகு அந்த இரண்டு காவலர்களுக்கும் நடுவே திரும்ப உள்ளே நுழைந்தார்.

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் பேர்ல தப்பாக் குறிச்சிட்டாங்க. நான் சத்தியம் பண்ணல."

"அவ்வளவுதானே? இப்பப் பண்ணிடுங்க. கையத் தூக்குங்க."

துர்க்கேவின் பற்கள் கிடுகிடுத்தது மண்டபத்துக்கே கேட்டது.

"இல்லீங்க. முடியாது."

வேலை போயிற்று. சிறை, கப்பல் என்று அவர் பயந்த எதுவும் வரவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. மைத்துனியின் வீட்டு மாடியில் குடியேறி, தோல் வியாபாரிகளின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். லெயோகாதியின் இருமல்தான் அதிகமாயிற்று.

"தானா தப்பிச்ச மனுஷன், ஏங்க திரும்ப உள்ள போனீங்க?" அழுதும் கேட்டிருக்கிறாள், கரண்டியை வீசியும் கேட்டிருக்கிறாள்.

"கதவத் தாழ் போட்டியா?" என்பார் அவர்.