அறுந்த அடிநூல்

பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் அவளுக்கு ‘மீட்டர் அக்கா’ என்றுதான் பெயர். அளவு நாடா வேண்டாம். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள். இருபத்தாறு வருஷ அனுபவம். கையில் அத்தனை நிதானம். வாயில் மட்டும் அது கிடையாது.

அவளுடைய தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நாற்பது வயதுக்கு மேல் அவனுக்குப் பறக்கும் பித்துப் பிடித்தது. எஞ்சின் கிடையாது, சக்கரம் கிடையாது. அலுமினியக் குழாய்களைக் கட்டி, மேலே துணி போர்த்தி, அடியில் ஆள் தொங்கியபடி சரிவில் ஓடிக் காற்றில் ஏறும் கிளைடர். முறையாகக் கற்றுக்கொண்டு வந்தவன், சொந்தமாக ஒன்று செய்தே தீருவேன் என்று நின்றான். குழாய் அவன் வேலை, துணி அக்காவின் வேலை.

“கல்யாணத்துக்குத் தைச்ச சட்டைக்கே குறை சொன்னவன் நீ. என் தையலை நம்பி உயிரைத் தொங்க விடுவியா?”

“அந்தச் சட்டை கழுத்தைப் பிடிச்சுதுக்கா. இது காத்தைப் பிடிச்சா போதும்.”

ஐந்து மாதம், ஞாயிறுதோறும், கூடத்துச் சாமான்களை ஒதுக்கிவிட்டுத் தைத்தாள். முதலில் தம்பிக்காக. பிறகு, வாய் விட்டு ஒப்புக்கொள்ளாவிட்டாலும், தனக்காக. அந்த இறக்கை முன்னால் விரிந்து கிடந்தபோது, அதுவரை தைத்த காலர்களெல்லாம் அவளுக்கு அற்பமாகப் பட்டன.

பறக்கும் நாள் காலை. மேட்டின் உச்சியில் தம்பி பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கீழே, அவன் இறங்க வேண்டிய புல்வெளியில் நின்றாள். அவசரத் தையலுக்கென்று கொண்டுவந்த பெட்டியை அக்கா சும்மா திறந்தாள். மிஷினில் கடைசியாக ஓடிய, அடிநூல் சுற்றிய பாபின் கையில் வந்தது. நூலை இழுத்தாள். பட்டென்று அறுந்தது.

இறக்கைக்கு வாங்கிய பாலியஸ்டர் நூல் விரலை அறுக்குமே தவிர, தான் அறாது. இது சீருடைக்குப் போடும் பருத்தி நூல். இடது இறக்கையின் கடைசித் தையலுக்கு முன்னால் யாரோ அவசரமாகக் கேட்ட சட்டை ஒன்றைத் தைத்தது நினைவுக்கு வந்தது. பாபினை மாற்ற மறந்திருக்கிறாள்.

“டேய், நில்லுடா!”

அவன் ஓடத் தொடங்கியிருந்தான். ஏழெட்டு எட்டில் கால் தரையை விட்டது.

காற்று நன்றாக இருந்தது; அதுதான் வினை. அவன் ஏறிக்கொண்டே போனான். உடனே இறங்கச் சொல்ல வேண்டுமென்றால் சிவப்புத் துணியைக் காட்டுவது என்று பேசி வைத்திருந்தார்கள். பெட்டியிலிருந்து அதை உருவிக்கொண்டு சரிவில் ஓடினாள். செருப்பு எங்கே கழன்றதோ. மேலிருந்து கூச்சல் கேட்டது. சந்தோஷக் கூச்சல். அவன் கீழே பார்க்கவே இல்லை.

“என்ன அண்ணி, என்ன ஆச்சு?” என்று புல்வெளியில் நின்ற தம்பி மனைவி ஓடி வந்தாள்.

“தையல் நிக்காது! அந்த நுனியைப் பிடி!”

தம்பி மனைவி மறு கேள்வி கேட்கவில்லை. இருவரும் சிவப்புத் துணியை இழுத்து விரித்துப் பிடித்தார்கள். தம்பி ஒரு வட்டம் அடித்துத் திரும்பினான். பார்த்துவிட்டான். கிளைடரின் மூக்கைத் தாழ்த்தினான். அப்போதுதான் இடது ஓரம் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தது. தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கையில் துணி கிழியும் சத்தம் கேட்டது. அவன் முழங்கால் தேய விழுந்து இழுபட்டு நின்றான்.

“நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு, ஏன்க்கா?”

அவள் இறக்கையைப் புரட்டிக் காட்டினாள். இரண்டு சாண் நீளத்துக்குத் தையல் வாய் பிளந்திருந்தது.

“என் தப்புடா. பாபினை மாத்தல.”

அவன் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக் குழாய்களைக் கழற்றத் தொடங்கினான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

எல்லாத் தையலையும் பிரித்து, இரண்டு மாதத்தில் முழுசாக மறுபடி தைத்தாள். அதே சமயம் தம்பியிடமே ஓடவும் விழவும் கற்றுக்கொண்டாள். இறக்கை தயாரான அன்று, சின்னச் சரிவில், பட்டைகளைத் தானே மாட்டிக்கொண்டாள்.

“தைச்சவ முதல்ல. அப்புறம் நீ.”

“அக்கா, உனக்கு ஐம்பத்திரண்டு வயசு.”

“அது துணிக்குத் தெரியாதுடா.”

ஓடினாள். பத்துப் பன்னிரண்டு கெஜ தூரம் கால் தரையில் படவில்லை. குப்புற விழுந்து முன்பல்லில் பாதி போயிற்று. எழுந்ததும் பல்லைத் தேடவில்லை. தையலைத்தான் தடவிப் பார்த்தாள். ஒரு நூல் கூட அசையவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவள் அந்த மேட்டின் உச்சியிலிருந்தே கிளம்பினாள்.