மாட்டை அவிழ்த்துவிட்ட கதை

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும், கேக் வெட்டி முடிந்து சாப்பாடு தொடங்குவதற்குள் வயதானவர்களின் மேசையில் ஒரு பேச்சு எழும்பும். யார் எதை விட்டுவிட்டு ஊரிலிருந்து ஓடிவந்தார்கள் என்ற பேச்சு. ஒருவர் கிணற்றடியில் நின்ற வோட்டர் பம்பைச் சொல்வார். இன்னொருவர் வெட்டித் தூக்காமல் கிடந்த புகையிலையைச் சொல்வார். அம்மாவின் முறை வரும்போது நான் மெல்ல எழும்பிச் சிறுவர்களின் பக்கம் போய்விடுவேன். அம்மாவிடம் இருந்தது எங்கள் மாட்டின் கதை.

“ஷெல் வந்து விழுது. இடுப்பிலை சின்னவன். அந்த நேரத்திலையும் என்ரை மூத்தவள் ஓடிப்போய் மாட்டை அவிழ்த்துவிட்டிட்டுத்தான் வந்தவள். வாயில்லாச் சீவன், எங்கையாவது மேய்ஞ்சு பிழைச்சிருக்கும்.”

மேசையில் இருக்கிற அத்தனை பேரும் என்னைத் தேடிப் பார்த்து, நல்ல பிள்ளை என்று தலையாட்டுவார்கள். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. தலையில் பாதி நரை. இன்னும் நான் நல்ல பிள்ளை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் நான் அந்த மாட்டை அவிழ்க்கவில்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஐயா முதல் நாளே அரிசியையும் விதை வெங்காயத்தையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தார். விடிந்தும் விடியாததுமாய் ஆமி வருகிறான் என்று ஊர் முழுக்க ஒழுங்கையில் இறங்கிவிட்டது. அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஓடிப்போய் மாட்டை அவிழ்த்துவிட்டிட்டு வா” என்றார்.

நான் கொட்டிலுக்கு ஓடினேன். கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் வெங்காயப் பாத்தி. பிடுங்குவதற்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் வந்த பின்னும் நான் தண்ணீர் மாறிக் கட்டிய வெங்காயம். முந்திய தடவை நான் சரியாகக் கட்டாமல் விட்ட மாடு பயிருக்குள் இறங்கி, பூவரசந் தடியால் ஐயாவிடம் வாங்கிய அடி இன்னும் மறக்கவில்லை. தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு ஷெல்லைவிடப் பெரிய பயம், கயிறில்லாத மாடு. பின்னேரம் திரும்பி வந்துவிடுவோம் என்றுதான் நான் நம்பினேன். வந்து பார்க்கும்போது வெங்காயம் இல்லாவிட்டால் என்ன பதில் சொல்வது?

அதனால் கயிற்றை அவிழ்க்காமல் கட்டையில் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, பாத்திக்கு வாய் எட்டாதபடி குறுக்கிக் கட்டினேன். முன்னால் ஒரு கட்டு வைக்கோலைப் போட்டேன். வாளியில் அரைவாசித் தண்ணீர் இருந்தது. நெற்றியில் வெள்ளை விழுந்த அந்தச் சிவலை மாடு அப்போது சினை. திரும்பி ஓடிவந்து, அவிழ்த்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அந்தப் பின்னேரம் வரவில்லை. எங்கள் ஊரைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்து, உள்ளே ஆமி இருந்துகொண்டது. முப்பது வருசத்துக்கு மேல் ஒருவரையும் விடவில்லை. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்துத் தரையில் பாய் விரித்துக் கிடந்தோம். பிறகு எத்தனையோ வீடுகள். சொந்தக் காணிக்காரராக இருந்த ஐயா யாரோ ஒருவரின் தோட்டத்தில் கூலிக்கு மண்வெட்டி பிடித்து, அப்படியே போய்ச் சேர்ந்தார். நான் கனடா வந்து, மிசிசாகாவில் விமானச் சாப்பாடு பொதி செய்யும் வேலையில் சேர்ந்து, அம்மாவை ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் இருக்கிற என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். இவ்வளவுக்கும் இடையில், தாகம் எடுக்கும்போதெல்லாம் அந்த அரைவாளித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. நான் செய்தது கொலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் சொன்னதில்லை.

இந்த வருசம் பனி கரைகிற நேரத்தில் எங்கள் காணியை ஆமி விட்டுக்கொடுத்துவிட்டது என்று செய்தி வந்தது. ஊரில் இருக்கிற மாமாவின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நின்று வட்சப்பில் வீடியோ கோல் எடுத்தான். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் இல்லை. கிணறு பாதிக்குமேல் தூர்ந்து கிடந்தது. இப்பிலிப்பில் பற்றைகளுக்கு நடுவே சொந்தக்காரர் இல்லாத கட்டாக்காலி மாடுகள் பத்துப் பதினைந்து, ஆளைக் கண்டதும் மிரண்டு ஓடின.

அம்மா போனை என் கையிலிருந்து பறித்தார். “அங்கை பார் பிள்ளை, அந்தச் சிவலை! நெத்தியிலை வெள்ளை. எங்கடை மாட்டின்ரை வழிதான் உது. தப்பிப் பெருகியிருக்கு!”

கோல் முடிந்த கையோடு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்தச் சந்தோசத்தை யாருக்கு முதலில் சொல்லலாம் என்று நம்பர் தேடத் தொடங்கினார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“அம்மா, ஒருத்தருக்கும் எடுக்காதேங்கோ. அது எங்கடை மாட்டின்ரை வழியில்லை. நான் அதை அவிழ்க்கேல்லை.”

ஒன்றும் விடாமல் சொன்னேன். வெங்காயத்தை, கயிற்றைக் குறுக்கியதை, வாளியை. மேசையில் கை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அம்மாவுக்கு ஊரில் மிஞ்சியிருந்த ஒரே நல்ல காரியத்தை நானே பிடுங்கி எறிகிறேன் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

அம்மா போனை மேசையில் வைத்தார். கோபத்தையோ அதிர்ச்சியையோ அந்த முகத்தில் காணவில்லை.

“எனக்குத் தெரியும் பிள்ளை.”

“எப்பிடி?”

“அவிழ்த்திருந்தால் அது என்ரை பின்னாலை வந்திருக்குமல்லோ. சந்தி மட்டுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தனான். வரேல்லை. உங்கள் ரெண்டுபேரையும் நடு ரோட்டிலை விட்டிட்டு நான் எப்பிடித் திரும்பிப் போறது?”

“பிறகேன் எல்லாருக்கும் அப்பிடிச் சொன்னனீங்கள்? இப்பவும் ஏன் அந்தச் சிவலையை எங்கடை வழி எண்டனீங்கள்?”

“பள்ளிக்கூடத்திலை இருக்கேக்கை நீ மூண்டு நாள் ஒண்டும் குடிக்கேல்லை. பால்மாத் தேத்தண்ணியைக் கண்டால் ஓங்காளிச்சாய். அப்பதான் பக்கத்துப் பாய் மனுசிக்கு முதல்முதல் அந்தக் கதையைச் சொன்னனான். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். உனக்குக் கேக்கட்டும் எண்டு கொஞ்சம் பிலத்துத்தான் சொன்னனான்.”