மஞ்சள் பூசிய மூன்று செங்கற்கள்

பச்சையப்பன் மாமாவுக்கு வலது கையில் மூன்று விரல்களில் நகம் சரியாக வளராது. வில்லியனூர்க் கொம்யூன் பஞ்சாயத்தில் எங்கள் ஊரை ஒட்டி இருந்த சாய ஆலையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த கை அது. ஆலையை மூடி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு கரும்பு வெட்டினார், லாரியில் மூட்டை ஏற்றினார். யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை.

வெள்ளிக்கிழமையானால் குளித்துவிட்டு, பாழடைந்த ஆலையின் பின்பக்கம் போவார். அங்கே ஒரு பூவரச மரத்தடியில் மூன்று செங்கற்கள் நட்டிருக்கும். அவற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு பூவைப் போட்டுவிட்டு வருவார். அதைப் பார்த்துத்தான் நாங்களும் போக ஆரம்பித்தோம். செங்கல்லம்மன் என்று பேர் வைத்தது யார் என்று தெரியாது. ஆடி மாதம் கூழ் ஊற்றினோம். தகரக் கொட்டகை வந்தது. என் மகளுக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்து கண் சொருகியபோது நான் ஓடிப்போய் விழுந்தது அந்த மூன்று கற்களுக்கு முன்னால்தான். பிள்ளை பிழைத்தாள்.

போன வருஷம் அந்த ஆலை நிலத்தில் வேலை தொடங்கியது. இடித்துத் தள்ளப் போகிறார்கள் என்று நினைத்தோம். இல்லை. நிற்கிற சுவர்களை அப்படியே வைத்து வீடுகளும் பட்டறைகளும் கட்டுவார்களாம். கூரையில் சோலார் தகடு, சுற்றிலும் மரம். விழுந்த சுவர்களின் செங்கற்களில் ஒட்டிய பழைய சாந்தைக் கொத்திச் சுத்தம் செய்து கொடுக்க எங்கள் ஊர்ப் பெண்கள் நாற்பது பேரைச் சேர்த்தார்கள்.

இன்ஜினியர் கல்பனா சின்ன வயசுப் பெண். முதல் நாளே சொன்னாள்: "புதுசா ஒரு கல்லு சுடணும்னா எவ்ளோ கரி, எவ்ளோ பொகை! இது ஏற்கெனவே சுட்ட கல்லு. ஒடைக்காம கொத்துங்கம்மா."

"நாங்களும் ஏற்கெனவே சுட்டதுதான்மா, எங்களயும் பாத்து வெச்சிக்கோ" என்றாள் தையலம்மாள். எல்லோரும் சிரித்தோம்.

பழைய கால்வாய்களைக் காட்ட ஆள் வேண்டும் என்று பச்சையப்பன் மாமாவையும் கூப்பிட்டார்கள். சாயத் தண்ணீர் எங்கே தேங்கியது, எந்தத் தொட்டி ஒழுகியது, ஒன்று விடாமல் காட்டினார். காட்டிய இடத்தில் எல்லாம் குழாய் இறக்கி மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள் கல்பனா. கெட்ட மண்ணை அள்ளி அப்புறப்படுத்தினார்கள். பூவரச மரத்துப் பக்கம் குழாயோடு வந்தபோது மட்டும் நாங்கள்தான் மறித்தோம். "அம்மன் மேல கம்பியா எறக்குவீங்க?" என்று நான்தான் முதலில் கேட்டேன். மாமா பக்கத்தில் நின்றார். வாய் திறக்கவில்லை.

கார்த்திகையில் கல்பனா வரைபடத்தைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினாள். அம்மன் இருக்கும் இடம் அப்படியே இருக்கும். அதை ஒட்டிப் பெரிய குட்டை. கூரைத் தண்ணீர் எல்லாம் அதில் இறங்கி நிலத்துக்குள் போகும். எங்களுக்குச் சந்தோஷம் தாளவில்லை. அன்று மதியம் மாமா சோற்றுத் தூக்கைத் திறக்கவே இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கொமாரி, அந்தக் குட்டத் தண்ணி எங்க போவும்?"

"இன்னா மாமா, கீழதான் போவும். நம்ம போர்ல வரும். கோடைக்குக் கவல இல்ல."

கையில் இருந்த செங்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலை குட்டைக்குப் பூமி பூஜை. அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். தேங்காய் உடைத்து, கடப்பாரைக்குச் சந்தனம் தடவியாயிற்று. அப்போது மாமா முன்னால் வந்தார்.

"கல்பனாம்மா, இங்க குட்ட வேணாம்."

"ஏங்கய்யா? சாமிய நாங்க தொடலயே."

"சாமி இல்லம்மா. நான் வெச்ச கல்லு. கீழ பத்தொம்பது டிரம் கெடக்குது. சாயத்துல மிஞ்சின வெசம். ஆலைய மூடுறதுக்கு முன்னாடி மேஸ்திரி பொதைக்கச் சொன்னாரு. அஞ்சு பேரு பொதைச்சோம். இப்ப நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

கடப்பாரையைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்தார். மாமா தொடர்ந்தார்.

"அப்புறம் ஒருநாள் இங்க மண்ணெடுக்க வந்தானுங்க. சொன்னா ஜெயிலுன்னு பயம். சொல்லலன்னா தோண்டிடுவானுங்க. மூணு கல்ல நட்டு மஞ்சளப் பூசினேன். திரும்பிப் போய்ட்டானுங்க."

அவர் மனைவி விருத்தாம்பாள் அத்தை பொங்கல் கரண்டியைக் கீழே போட்டார். "பேரப்புள்ளைக்கு இங்கதானய்யா முடி எறக்கினோம்! கூடவே நின்னியே! என்னயும் கும்புட வெச்சியேய்யா!"

"சாமி பேர்லயே ஏமாத்தினவன்" என்று பின்னால் ஒரு குரல் வந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

கல்பனா பூஜையை நிறுத்தச் சொன்னாள். கற்களை எடுத்துவிட்டுத்தான் தோண்ட வேண்டும் என்றாள். வேலைக்காரர்களில் ஒருவரும் அசையவில்லை. நட்டவரே போனார். போனவர் உடனே தொடவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மூன்று கற்களுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சாமி இல்லன்னீங்களே ஐயா" என்றாள் கல்பனா மெதுவாக.

"நான் வெக்கறப்ப இல்லம்மா. இப்ப எனக்குத் தெரியல."

முகமூடியும் கையுறையும் போட்ட ஆட்கள் வந்து நாலு நாள் தோண்டினார்கள். பத்தொன்பது டிரம்மும் வந்தன. பாதிக்கு மேல் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தன. கீழே இருந்த மண் கருநீலமாக இருந்தது. மூடிய லாரிகளில் ஏற்றிப் போனார்கள். பூவரசையும் வேரோடு எடுக்க வேண்டியதாயிற்று. ஊர்த் தண்ணீரைச் சோதித்ததில் பக்கத்துப் போர்வெல் இரண்டை மூடச் சொன்னார்கள். மற்றவற்றுக்கு விஷம் இன்னும் எட்டவில்லை. குட்டையும் அதன் மேல் வந்திருந்தால் ஒரே மழைக்காலத்தில் எட்டியிருக்கும் என்றாள் கல்பனா. இப்போது அதை வடக்கு மூலைக்கு மாற்றிவிட்டார்கள்.

போலீசில் மாமாவைக் கூப்பிட்டு, நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஊரில் சிலர் இன்னும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அத்தை ஒரு மாதம் சோறு மட்டும் போட்டார், பேசவில்லை.

டிரம் எல்லாம் போன மறுநாள், சோதித்துக் கழுவிய அந்த மூன்று கற்களையும் மாமா என்னிடம் கொண்டுவந்தார். ஓரங்களில் மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது.

"இதயும் சேத்துக்கோ கொமாரி. நல்லா சுட்ட கல்லு."

என்னால் கொத்த முடியவில்லை. அன்று பிள்ளைக்காக நான் வேண்டியதைக் காதுகொடுத்துக் கேட்டது யாரோ, எனக்குத் தெரியாது. யாரோ கேட்டது மட்டும் நிஜம். மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் போகாமல் எதிரிலேயே குந்தியிருந்தார். பிறகு அவரே உளியை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு மூலைகூட உடையாமல் கொத்தி, அடுக்கில் வைத்தேன்.

இப்போது அவை ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் இருக்கின்றன. எந்தச் சுவர் என்று கொத்தனாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் மாமா அந்தப் பக்கம் போகிறார். பூ எடுத்துப் போவதில்லை. வடக்கு மூலைக் குட்டையில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறார்.